கீல் விட்ட கதவு

என்னை முதன்முதலில் குடிகாரன் என்று ஊருக்குச் சொன்னவர் மில் முதலாளி ராமபத்ரன். நான் அவருக்கு டிரைவர். அவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டே கதவு. ஒவ்வொன்றும் நீளம், நல்ல பாரம். கீலைப் பிடித்திருக்கும் தகடு உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து, ஒருநாள் நான் திறந்ததும் கதவு தொங்கிவிட்டது. "குடிச்சிட்டுக் கதவுல தொங்கினான்" என்று சொல்லி வேலையை விட்டு விரட்டினார். பெரிய மனிதர் பொய் சொல்வாரா என்று என் மனைவி செண்பகம் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

தொங்கிய கதவை ஒப்புக்கு நிமிர்த்தி, துருவின் மேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்து, காரை விற்க ஆள் வரவழைத்தார் முதலாளி. நானும் போய் நின்றேன்.

"கதவைப் பாருங்க. கம்பெனியில வந்தது வந்தபடி இருக்கு," என்றார்.

"அப்போ நான் உடைச்ச கதவு எதுங்க முதலாளி?" என்றேன்.

வாங்க வந்தவர் திரும்பினார். "உடைஞ்சுதா?"

"ஐயையோ, இவன் எதையும் உடைக்கலைங்க!"

"குடிச்சிட்டுத் தொங்கினேனே, முதலாளி?"

"நீ குடிக்கிற ஆளே இல்லையேப்பா! தங்கமான டிரைவருங்க."

"இதைச் செண்பகத்துகிட்ட வந்து சொல்லுவீங்களா?"

"நாளைக்கே வர்றேன், நீ கிளம்பு."

வாங்க வந்தவர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து லேசாகத் தூக்கிப் பார்த்தார். பட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் கையைத் தட்டிவிட்டு நடையைக் கட்டினார்.

கார் விற்கவில்லை, முதலாளியும் வரவில்லை. நடந்ததை நான் போய்ச் சொன்னபோது, "அவர் வாயால சொல்லட்டும்," என்றாள் செண்பகம். அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு தாய்வீட்டிலேயே இறந்தாள். கொள்ளி வைக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

ராமபத்ரன் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார். அவர் வந்து சொல்ல வேண்டியது பாக்கி.