பரங்கிக்கொடி உதிர்த்த பிஞ்சு

ஓர் ஊரில், பருத்தி போட்டுப் போட்டுச் சலித்துப்போன கரிசல் நிலம் ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரன் வீராசாமி பருத்தியை விட்டு மூன்று வருடம் ஆகிவிட்டது. இப்போது வரப்போரம் ஒரு பரங்கிக்கொடி, அதில் ஒரே ஒரு பிஞ்சு.

"இது நம்ம பாப்பாவுக்குங்க. முதச்சோறு ஊட்டுறப்ப இதைத்தான் மசிச்சுக் குடுக்கணும்" என்றாள் அவன் மனைவி செங்கமலம், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"தாராளமாக் குடு. இங்க மருந்து அடிச்சு மூணு வருசமாச்சு. எல்லாம் மழையோட போயிருக்கும்."

கொடிக்குப் பெருமை தாங்கவில்லை. தண்ணீர் தேடி வேரை இன்னும் கீழே இறக்கியது. அங்கே ஒருவர் சாவகாசமாகப் படுத்திருந்தார்.

"யார் நீங்கள்?"

"பருத்திப் புழுவுக்கு அடித்த மருந்து."

"இன்னுமா போகவில்லை?"

"வந்த வேலை அன்றைக்கே முடிந்தது. வெளியே போகத்தான் வழி தெரியவில்லை."

கொடி மண்ணிடம் திரும்பியது. "நீயாவது கழுத்தைப் பிடித்துத் தள்ளக் கூடாதா?"

"மழை வந்தால் என்னையே கட்டிக்கொள்கிறார். என்ன செய்ய?" என்றது மண். "என்னிடம் கண்ணுக்குத் தெரியாத பொடி உயிர்கள் ஏராளம் இருந்தன. எது விழுந்தாலும் கடித்து அரைத்துவிடும். இவரையும் ஒரு கை பார்த்திருக்கும்."

"அவை எங்கே?"

மருந்து தலையைக் குனிந்துகொண்டார். "புழு எது, அவை எது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை அம்மா."

கொடிக்கு விளங்கிவிட்டது. குடிக்கும் தண்ணீரோடு இவரும் ஏறுவார். ஏறி, நேரே காயில் போய் உட்காருவார். வேறு தண்ணீரும் கிடையாது.

"துளியூண்டுதானே ஏறுவார்" என்று மண் சமாதானம் சொன்னது.

"சாப்பிடப் போகிறவளும் இத்தனூண்டுதானே" என்றது கொடி.

பாவம், அது என்னதான் செய்யும்? இரவெல்லாம் தவித்தது. பிறகு பிஞ்சின் காம்பை மெல்லக் கைவிட்டது. பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

காலையில் வந்த செங்கமலம் வெம்பி விழுந்த பிஞ்சைக் கையில் எடுத்தாள். கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, என்னங்க இது! பாப்பாவுக்குன்னு பாத்துப் பாத்து வச்சிருந்தேனே!"

வீராசாமி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பூச்சி வேலையாத்தான் இருக்கும். அழாத புள்ள. அடுத்த பிஞ்சையாவது காப்பாத்தணும். கடைக்குப் போயி மருந்து வாங்கிட்டு வந்துடறேன்."

கீழே படுத்திருந்தவர் பெருமூச்சு விட்டார். பிறகு கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.