எத்தனை மிதி?

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு அறுபத்திரண்டு. யார் யாருக்கு முதலில் வணக்கம் சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. அதனால் சொல்லாமலே விட்டுவிட்டார்கள்.

குருவின் பெயர் ரோசலின். குன்னூரில் பழைய கார்களைப் பழுது பார்க்கிறவர். சீடரின் பெயர் அப்துல் லத்தீப். அதே ஊரில் வர்க்கி என்ற மொறுமொறு ரொட்டி போடும் பேக்கரி வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் லத்தீப் பாய்.

பாயிடம் ஓர் இம்பாலா இருந்தது. அமெரிக்க வண்டி. எட்டு சிலிண்டர். முன்னாலிருந்து பின்னால் வரை பதினெட்டு அடிக்குச் சற்றுக் குறைவு. மழை நின்ற பிறகு தேயிலைச் சரிவு இருக்கும் பச்சை நிறம். ஆசைப்பட்டு வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது.

ஒரு நாள் அவர் ரோசலினின் பட்டறைக்கு நடந்தே வந்தார்.

"ஏம்மா, மூலையில ஸ்டாண்டு மேல உக்காந்திருக்கே, அது டீசல் இன்ஜின்தானே?"

"ஆமா பாய். பள்ளத்துல உருண்ட வேன்லேருந்து எடுத்தது. வேன்தான் போச்சு. இன்ஜின் நல்லா இருக்கு."

"அதை என் இம்பாலாவுல தூக்கிப் போட்டுடு."

ரோசலின் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"இப்ப இருக்கற இன்ஜினுக்கு என்ன?"

"குளிர்ல ஸ்டார்ட் ஆகறதில்ல. முந்தாநாள் என் அக்கா பேத்திக்குக் கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் பின்சீட்டுல உக்காந்தாச்சு. மாலையும் கழுத்துமா அரை மணி நேரம் உக்காந்தே இருந்தாங்க. கடைசியில ஆட்டோவுல போனாங்க. எதிர்த்த டீக்கடை ரங்கன் கேக்கறான், 'என்ன பாய், கப்பல் தரை தட்டிடுச்சா?'ன்னு."

ரோசலினுக்குச் சிரிப்பு வந்தது. குனிந்து எதையோ தேடுவதுபோல் மறைத்துக்கொண்டார்.

"சிரிச்சுக்கோ. ஊரே சிரிச்சாச்சு."

"பழைய இன்ஜினை என்ன பண்ணப் போறீங்க?"

"காயலான் கடைக்கு அனுப்பிடு."

"எடுத்துட்டா எடுத்ததுதான் பாய். இந்த மலையில இன்னொண்ணு கிடைக்காது. டீசலைப் போட்டா வண்டி போகும். ஆனா லாரி மாதிரி உதறும்."

"உதறட்டும். கிளம்புதா இல்லையா?"

ரோசலின் அந்த டீசல் இன்ஜினைத் திரும்பிப் பார்த்தார்.

"பத்து நாள் நீங்களே உங்க கையால ஸ்டார்ட் பண்ணுங்க. நான் சொல்லித் தர்றேன். பதினோராவது நாளும் டீசல்தான் வேணும்னு சொன்னீங்கன்னா, மறுபேச்சு பேசாம மாட்டித் தர்றேன்."

"சாவியைத் திருப்பறதுக்கு பத்து நாள் படிப்பா?"

"ஆமா."

"பெயில் ஆனா?"

"அதான் டீசல் இருக்கே."

மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் பாடம். பேக்கரிக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் நடந்தது. வெளியே பனிமூட்டம் கலையவில்லை.

லத்தீப் பாய் இருக்கையில் உட்கார்ந்தார். ஆக்சிலேட்டரை மிதித்தார். மறுபடி மிதித்தார். மிதித்துக்கொண்டே இருந்தார். பிறகு சாவியைத் திருப்பினார். வண்டி உறுமப் பார்த்தது. இருமியது. அப்புறம் அதுவும் இல்லை. ஷெட் முழுக்கப் பெட்ரோல் வாசனை.

"நன்றி கெட்ட வண்டியே! கப்பலேறி இவ்வளவு தூரம் எதுக்கு வந்தே? என் மானத்தை வாங்கவா? அங்கேயே கிடந்து துருப்பிடிச்சுப் போயிருக்கலாமில்ல!"

இன்னும் சிலவும் சொன்னார். அவை இங்கே வேண்டாம். பிறகு இறங்கி வந்தார்.

"ஒன்பது தடவை மிதிச்சீங்க" என்றார் ரோசலின்.

"எண்ணினியா?"

"எண்ணினேன். அதுக்கு மூச்சு முட்டிப் போச்சு. உள்ளே ஒரே பெட்ரோல். காத்துக்கு இடமில்ல. எப்படிப் பத்திக்கும்?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இன்றைய கார்களில் இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்று என்று ஒரு சிறு கணினி பார்த்துக்கொள்கிறது. பழைய கார்களில் அந்த வேலையைக் கார்புரேட்டர் என்ற உலோகக் கிண்ணம் செய்தது. அது யோசிக்காது. குளிர் நேரத்தில் அதற்காக யோசிக்க வேண்டியது ஓட்டுகிறவரின் வலது கால்.

பாய் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்தார்.

"சரி. எத்தனை தடவை மிதிக்கணும்? அதை மட்டும் சொல்லு."

"இன்னிக்கு இருக்கற குளிருக்கு ரெண்டு. மெதுவா, கடைசிவரைக்கும் மிதிச்சு விடணும். அப்புறம் காலை எடுத்துட்டு சாவியைத் திருப்பணும்."

பாய் நோட்டில் 2 என்று எழுதி, அடியில் கோடு போட்டார்.

இரண்டாம் நாள் சரியாக இரண்டு முறை மிதித்தார். வண்டி இருமிவிட்டு நின்றது. ரோசலினுக்குப் போன் செய்தார்.

"வெளியே மேகம் போட்டிருக்கு பாய். ராத்திரி அவ்வளவா குளிரல. இன்னிக்கு ஒண்ணு போதும். இப்ப பெட்ரோல் கூடிப்போச்சு. மறுபடி மறுபடி மிதிக்காதீங்க. கொஞ்சம் பொறுத்து, மிதியைத் தரையோட அழுத்திப் பிடிச்சுக்கிட்டே சாவி போடுங்க. காத்து போகட்டும்."

"நிறைய பெட்ரோல் போச்சுங்கறே. அப்புறம் முழுசா மிதிங்கறே?"

"மிதிச்சு மிதிச்சு விட்டா பெட்ரோல் போகும். மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டா காத்து போகும்."

பாய் 1 என்று எழுதினார். மூன்றாம் நாள் சந்தைக்குப் போய்விட்டு, மதியம் திரும்பக் கிளம்பும்போது ஒரு முறை மிதித்தார். கிளம்பவில்லை. சூடாக இருக்கும்போது மிதியைத் தொடவே கூடாதாம். 0 என்று எழுதினார். நான்காம் நாள் புல்லெல்லாம் உறைபனி. மூன்று வேண்டுமாம். அதையும் எழுதினார்.

அன்று அவர் பட்டறை வாசலுக்கே வந்து நின்றுவிட்டார்.

"குருன்னா ஒரே பேச்சா இருக்கணும். ரெண்டுங்கறே, ஒண்ணுங்கறே, தொடாதேங்கறே, மூணுங்கறே. இதென்ன வண்டி ஓட்டற பாடமா, வானிலை அறிக்கையா?"

"கிட்டத்தட்ட அதுதான் பாய்."

"எனக்கு ஒரே ஒரு எண்ணைச் சொல்லு. சாகறவரைக்கும் அதையே மிதிக்கறேன்."

ரோசலின் கைகளைத் துணியில் துடைத்தார்.

"வர்க்கி அடுப்புல எத்தனை நிமிஷம் வேகணும்?"

"வர்க்கியா? இருபது நிமிஷம்."

"எழுதிக்கட்டுமா?"

"தாராளமா எழுதிக்கோ. நாப்பது வருஷமா சொல்றேன்."

ரோசலின் அவருடைய நோட்டையே வாங்கி, 3-க்குக் கீழே 20 என்று எழுதினார். அடியில் கோடும் போட்டார்.

ஐந்தாம் நாள் ரோசலின் பேக்கரிக்கு வந்தார். அது விறகு அடுப்பு. தணலை வாரிவிட்டு, அடுப்பின் உள்தரையை ஈரச் சாக்கால் துடைத்து முடித்திருந்தார்கள்.

"பாய், ஒரு தட்டு நான் வைக்கட்டுமா?"

"வை, வை. நீயும் தொழில் கத்துக்கோ."

ரோசலின் தட்டை உள்ளே தள்ளிக் கதவை மூடிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதாவது நிமிடத்தில் வாசனை வந்தது. நல்ல வாசனை. பன்னிரண்டாவது நிமிடத்தில் வேறு வாசனை வந்தது.

"ஏம்மா, கருகுது!"

"இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு பாய்."

"எட்டு நிமிஷமா! நகரு!"

"நீங்கதான் இருபதுன்னு சொன்னீங்க. எழுதியே வச்சிருக்கேன்."

மாவு பிசைந்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ரோசலின் அடுப்பின் முன்னாலிருந்து நகரவில்லை. இருபதாவது நிமிடம் தட்டு வெளியே வந்தது. இருபத்து நான்கு வர்க்கியும் கரி.

"புத்தி இருக்கா உனக்கு?" லத்தீப் பாய் கத்தினார். "இப்பத்தான் தணலை வாரியிருக்கு. அடுப்பு கொதிக்குது, இது முதல் தட்டு. கையை உள்ளே நீட்டிப் பார்க்காம எவனாவது தட்டைத் தள்ளுவானா? விறகு ஈரமா, காஞ்சதான்னு பார்க்கணும். மழையா, வெயிலான்னு பார்க்கணும். அதையெல்லாம் விட்டுட்டு வாட்சைப் பார்த்துக்கிட்டு..."

அங்கே நின்றுவிட்டார்.

ரோசலின் கரிந்த வர்க்கி ஒன்றை எடுத்துப் பிட்டு, நடுவில் இருந்ததைத் தின்றார்.

"உள்ளே பரவாயில்ல பாய்" என்றார். பிறகு பட்டறைக்குப் போய்விட்டார்.

அன்று முதல் லத்தீப் பாய் எண் கேட்கவில்லை.

ஆறாம் நாள் காலையில் அவர் உடனே வண்டியில் ஏறவில்லை. இம்பாலாவின் பானெட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, ஒரு முறை முழுதாகவும், பாதி முறை தயங்கியும் மிதித்தார். அப்படி ஒரு கணக்கை ரோசலின் சொல்லித் தரவே இல்லை. வண்டி கிளம்பியது.

ஏழாம் நாள் கிளம்பவில்லை. பெட்ரோல் கூடிவிட்டது. பாய் யாருக்கும் போன் செய்யவில்லை. டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தார்.

"என்ன பாய், கப்பல் நகரலையா?" என்றான் ரங்கன்.

"மூச்சு வாங்குது. இரு. நீ டீயைப் போடு."

"சொன்னா கேளுங்க பாய். பேசாம நாலு சக்கரத்தையும் கழட்டிட்டு உள்ளே டேபிள் போட்டுடுங்க. பேக்கரிக்குப் பக்கத்துலயே ஒரு கிளை."

"உன் டீயைவிட அதோட புகை நல்லா இருக்கும்டா."

டீ தீர்ந்தபோது கால் மணி ஆகியிருந்தது. ஷெட்டுக்குத் திரும்பி, மிதியைத் தரையோடு பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். இருமல், இன்னொரு இருமல், அப்புறம் எட்டு சிலிண்டரும் ஒன்றாக எழுந்தன. கடையில் ரங்கன் எட்டிப் பார்த்தான். பாய் அவன் பக்கம் திரும்பவில்லை.

ஒன்பதாம் நாள் ரோசலின் அந்தத் தெரு வழியாகப் போனார். ஷெட்டின் பெரிய கதவுகள் இரண்டும் அகலத் திறந்திருந்தன. இம்பாலா ஓடிக்கொண்டிருந்தது. பாய் கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"எங்கேயும் இல்ல."

"அப்ப ஏன் ஓடுது?"

"உஷ். ஏறு."

ரோசலின் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தார். மூன்று பேர் உட்காரக்கூடிய முன்சீட்டு அது. இருவருக்கும் நடுவே ஒரு தட்டு வர்க்கி இருந்தது.

"முதல்ல அவசரமா ஓடும்" என்றார் பாய், தாழ்ந்த குரலில். "பஸ்ஸைப் பிடிக்க ஓடறவன் மாதிரி. அப்புறம் சூடு ஏறும். ஏறினப்புறம் ஒரு இடத்துல அதுக்கே சலிச்சுப் போகும். அந்த இடம் வர்றப்ப மிதியை லேசா ஒரு தட்டுத் தட்டணும். பாரு."

இருவரும் காத்திருந்தார்கள். பாயின் கால் அசைந்தது. இன்ஜினின் ஓட்டம் அடங்கி, தரைக்கு அடியில் எங்கோ தண்ணீர் போவதுபோல் ஆனது. வர்க்கித் தட்டு நடுங்குவது நின்றது.

"இதை யாரு சொல்லிக் கொடுத்தா?" என்றார் ரோசலின்.

"நீதான்."

"நான் சொல்லலையே."

"அப்ப வர்க்கியைத் தின்னு."

தின்றார்கள். வெயில் பானெட்டின் முனையிலிருந்து கண்ணாடி வரை மெதுவாக ஏறி வந்தது. பதினெட்டு அடி வண்டி அல்லவா, அதற்கு நேரம் ஆயிற்று.

பதினோராவது நாள் லத்தீப் பாய் இம்பாலாவிலேயே பட்டறைக்கு வந்தார். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே வந்தார். சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்வது அவருக்குப் பழக்கமில்லை. 'டீசல் வேண்டாம்' என்பதை எப்படி ஆரம்பிப்பது?

இறங்கி உள்ளே வந்தவர் மூலையைப் பார்த்தார். ஸ்டாண்டு காலியாக இருந்தது.

"அந்த இன்ஜின் எங்கே?"

"கோத்தகிரி பால் வண்டிக்கு மாட்டியாச்சு. நல்லா ஓடுது."

"என்னைக் கேக்காமலா? எப்போ?"

"முதல் நாள் சாயங்காலமே கொடுத்துட்டேன்."

"முதல் நாளா!" பாய் பக்கத்தில் இருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கு வண்டி கிளம்பவே இல்லையேம்மா. நான் என்னென்ன பேசினேன்!"

"கேட்டுக்கிட்டுதானே நின்னேன். சிலது எனக்கே புதுசு."

"அப்புறமும் கொடுத்துட்டே. இன்னிக்கு நான் வந்து, டீசல்தான் வேணும்னு பிடிவாதமா நின்னிருந்தா?"

"நிக்க மாட்டீங்கன்னு தெரியும்."

"எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?"

ரோசலின் வெளியே நின்ற இம்பாலாவைப் பார்த்தார். அது இன்னும் சூடாகத்தான் இருந்தது.

"அவ்வளவு திட்டிட்டு இறங்கினீங்க பாய். ஆனா, கார்க் கதவை மெதுவாத்தான் சாத்தினீங்க."