காலி வாளியும் இசக்கிராசு கல்யாணமும்

கோணக்குளத்துக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. படித்தவர்கள் எதைச் சொன்னாலும் ஓர் எழுத்து பிசகாமல் செய்துவிடுவார்கள். யோசிக்கிற பழக்கம் மட்டும் கிடையாது.

அந்த ஊர் ஆவுடையப்பன், ஆறு வயது மகள் யாழினியின் பள்ளிக்கூடத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தார்.

"வீட்டு விஷயத்துல பிள்ளைங்களை முடிவெடுக்கப் பழக்குங்க. ரெண்டைக் கண்ணு முன்னால வச்சு எது வேணும்னு கேளுங்க. சொன்ன பிறகு குறுக்கே பேசாதீங்க," என்றார் டீச்சர்.

ஆவுடையப்பனுக்குப் புல்லரித்தது. இத்தனை வருஷமாகத் தான் முடிவெடுத்து வீடு என்ன லட்சணத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

மறுநாளே இட்லியும் தோசையும் வந்தன. யாழினி தோசையைத் தொட்டாள். இட்லி மாட்டுக்குப் போனது. குளியலில்தான் சிக்கல். குளிப்பதற்கு வாளித் தண்ணீரைக் காட்டலாம். குளிக்காமல் இருப்பதை எப்படிக் காட்டுவது? மனைவி வடிவு வெகுநேரம் யோசித்து, பக்கத்தில் ஒரு காலி வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். அந்த வாரம் முழுக்க யாழினி காலி வாளியைத்தான் காட்டினாள்.

அந்த மணத்தோடேயே வடிவின் தம்பி இசக்கிராசுக்குக் கல்யாணம் வந்தது. பதினேழு இடம் தட்டிப்போய், நாற்பத்தோரு வயதில் ஒரு பெண் சரி என்றிருந்தாள். டவுன் மண்டபம், பத்தரைக்குள் தாலி கட்டியாக வேண்டும்.

வாசலில் வேன் நின்றது. ஆவுடையப்பன் ரோட்டில் குறுக்கே விழாத குறையாக டவுன் பஸ்ஸையும் மறித்து நிறுத்தினார்.

"பாப்பா, வேனா, பஸ்ஸா?"

யாழினி இரண்டையும் நிதானமாகப் பார்த்தாள். "நடந்து போவோம்."

"ரெண்டுல அது இல்லையேங்க!" என்றாள் வடிவு.

"குறுக்கே பேசக்கூடாது."

"அத்தான், நேரமாகுது," என்றான் இசக்கிராசு.

"நாப்பத்தோரு வயசாச்சு. நீ என்ன குழந்தையா, முடிவெடுக்கறதுக்கு?"

நியாயம்தானே என்று இசக்கிராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான்.

பட்டுவேட்டியும் மாலையுமாக எல்லோரும் நடந்தார்கள். மறுபடி கேட்க நேர்ந்தால் காட்ட வேண்டுமே என்று, காலி வேன் பின்னாலேயே ஊர்ந்து வந்தது.

டவுனில் எதிரெதிரே இரண்டு மண்டபங்கள். இரண்டிலும் மேளச் சத்தம். இடது மண்டபத்தில் இசக்கிராசின் பெயர், படத்தோடு ஆளுயரத்துக்குத் தொங்கியது. ஆவுடையப்பன் இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதாவது தப்பாகிவிட்டால் மச்சினன் வாழ்க்கையே போச்சு! அதனால் தானாக எதுவும் செய்யாமல், மகளை நடுரோட்டில் நிறுத்தினார்.

"இதா, அதா பாப்பா?"

வலது மண்டபத்து வாசலில் ஐஸ்கிரீம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாழினி அங்கே கையை நீட்டினாள்.

உள்ளே மணமேடையில் ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை இருந்தான். இசக்கிராசு அவனைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்தான். மேளம் நின்றது. பெண்ணின் அப்பா பதறியடித்து ஓடிவந்தார்.

"யாருய்யா நீங்க? என்னய்யா இது?"

ஆவுடையப்பன் அவர் தோளை ஆதரவாகத் தட்டினார்.

"பதறாதீங்க. ரெண்டு மாப்பிள்ளையையும் கண்ணு முன்னால உட்கார வச்சாச்சு. உங்க வீட்டுல சின்னப் பிள்ளை யாராச்சும் இருந்தா சட்டுனு கூட்டிட்டு வாங்க, முகூர்த்தம் முடியப்போகுது."