மொட்டைக் கொடிக்குப் பேர் மாட்டிய கதை

ஏழு கடல் தாண்ட வேண்டாம், ஏரிக்கரை தாண்டினாலே வருகிற ஒரு ஊரில் திருவேங்கடம் என்று ஒரு பண்ணையார் இருந்தாராம். தன் தோட்டத்துப் பூ ஒன்றுகூட மதில் தாண்டாது என்று ஊரெல்லாம் பெருமையடிப்பார்.

மார்கழியில் அவருடைய மூன்று மல்லிகைக் கொடிகளையும் கவாத்து பண்ணி, இலைகூட இல்லாமல் மொட்டையாக்கியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் புதிதாக வேலைக்கு வந்தாள் மருதாயி.

"எது முல்லை, எது ஜாதிமல்லி, எது ஊசிமல்லின்னு பொழுது சாயறதுக்குள்ள பலகை எழுதி மாட்டு. பூக்கும்போது பேர் தப்பாயிருந்தா வேலையும் இல்லை, குடிசையும் இல்லை" என்றார் பண்ணையார்.

"இலையில்லாம எப்படிங்கய்யா? நீங்களே சொல்லிடுங்களேன்."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமான்னு பாக்கறேன்." அவருக்கும் தெரியாது.

மருதாயி அரிவாளோடு மதிலோரம் போய், தெருவுக்குக் கேட்கும்படி, "இந்த மூணு கொடியையும் வேரோட வெட்டப் போறேன்" என்றாள்.

மதில்மேல் ஒரு தலை எழும்பியது. "அடியே, ஓரத்து ஜாதிமல்லில கை வைக்காத. எம்மவ தலைக்கு அதான்."

பக்கத்தில் இன்னொரு தலை. "நடுவுல இருக்கற முல்லைய விட்டுடு தாயி."

காவல்காரன் குப்பாண்டி கம்போடு ஓடிவந்தான். "கிணத்தோர ஊசிமல்லிய வெட்டிட்டா எம்பொண்டாட்டி சோறு போடமாட்டா."

சொன்ன பிறகுதான் பின்னால் நின்ற பண்ணையாரைப் பார்த்தான்.

"அப்போ என் தோட்டத்துப் பூ யாருக்குத்தான் கிடைக்கலை?" என்றார் அவர்.

"உங்க வீட்டுக்கு மட்டும்தாங்கய்யா" என்றாள் மருதாயி.

தலைகள் இறங்கின. குப்பாண்டி வாசலைப் பார்த்து நழுவினான். பண்ணையார் வீட்டுக்கு நடந்தார். மருதாயி மூன்று பலகைகளையும் மாட்டிவிட்டு, தன் குடிசைக்குப் போனாள்.