மண்டப வாசலில் நின்றுவிட்ட அப்பா

நல்லவர்களோடு ஒரு தொல்லை உண்டு. வாயைத் திறந்து ஒரு சபதம் போட்டுவிடுவார்கள். அதைச் சுமப்பது வீட்டிலுள்ள மற்றவர்கள். இந்தக் கதையின் அர்த்தநாரி அந்த ரகம். கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன், அதனால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஊர்க் குளத்தில் ஒரு சாயப்பட்டறையின் கழிவு கலந்து, தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் கறுத்துக்கொண்டே வந்தது. எதிர்த்து மனுப் போட்டவர் அர்த்தநாரி ஒருவர்தான். பட்டறைக்காரர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசவே இல்லை. "உங்கூட்டுல பிளாஸ்டிக் கொடம் இல்லீங்களா? வேட்டிக் கரையில சாயம் இல்லீங்களா?" என்றுதான் கேட்டார்கள். மனிதருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. பிளாஸ்டிக்கும் சாயமும் சேர்ந்த பிளக்ஸ் பேனர் வைத்த எந்த விசேஷத்துக்குள்ளும் இனிக் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டார்.

முதலில் அடி வாங்கியவள் அவருடைய தங்கை பாவாயி. அவள் மகன் கல்யாணத்தில் யாரோ பேனர் கட்டியிருந்தார்கள். தாய்மாமன் அர்த்தநாரி சீர்த் தட்டை வாசலிலேயே கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். பாவாயி இரண்டு வருஷம் அண்ணனோடு பேசவில்லை. பேசுவாளா? நானாக இருந்தால் நாலு வருஷம் பேசியிருக்க மாட்டேன்.

பிறகு அவர் மகள் கோகிலவாணிக்கு மேலூர்ப் பையன் சுந்தரவேலோடு கல்யாணம் நிச்சயமானது. பெண்வீட்டில் உடனே, "மதுரைப் பக்கமா? கட்சிக் கொடியும் பேனரும் இல்லாம அவங்களுக்குச் சோறு எறங்காதே, ஒண்ணு சொன்னா அருவாளைத் தூக்குவாங்களே" என்று கிசுகிசுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டில், "கொங்கு நாட்டு ஆளுகளா? அங்கிட்டு எல்லாம் முதலாளி கட்சி, மில்லுதான் அவுகளுக்குச் சாமி" என்றார்கள். பெண்ணின் அப்பா பட்டறையை எதிர்த்து நிற்கிறவர் என்று தெரிந்ததும் மேலூர்ப் பையன்கள் அசந்துபோனார்கள். அந்தச் சந்தோஷத்தை அவர்களுக்குத் தெரிந்த வழியில் காட்டினார்கள்.

கல்யாணத்தன்று விடிகாலையில் அர்த்தநாரி தங்கையை நேரில் அழைக்கப் போனார். பாவாயியும் மனம் இரங்கி வந்தாள். இருவரும் மண்டப வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினால், இருபதடி உயரத்தில் பளபளவென்று ஒரு பிளக்ஸ். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அர்த்தநாரியே கையில் மனுவோடு நிற்கிறார். கீழே, "குளம் காக்கும் கோமானின் மருமகனே, வாழ்க!"

அர்த்தநாரியின் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. எதிர் டீக்கடையில் பட்டறை மேஸ்திரி செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். திங்கட்கிழமை கலெக்டர் முன்னிலையில் குளத்தைப் பற்றிக் கருத்துக்கேட்பு. அங்கே அர்த்தநாரியிடம் இருந்ததெல்லாம் அவர் பேச்சுக்கு இருந்த மரியாதை மட்டும்தான். முகூர்த்தத்துக்கு இன்னும் இருபது நிமிஷம்.

பேனர் கட்டிய கூடலிங்கம் ஓடிவந்தான். மாப்பிள்ளையின் சிநேகிதன். சபத விஷயம் அவன் காதில் விழுந்ததும், அருவாளைத் தூக்குவானோ என்று பெண்வீட்டார் இரண்டடி பின்வாங்கினார்கள். அவனோ தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். "தெரியாமப் போச்சு மாமா. கால் மணி நேரத்துல கழட்டிச் சுருட்டி மண்டபத்துக்குப் பின்னால போட்டுர்றேன். நீங்க வெசனப்படாதீக" என்றான். இரண்டு நாள் உட்கார்ந்து அவன் எழுதிய வாசகம் அது.

அதற்குள் கோகிலவாணி பட்டுச்சேலையோடு வாசலுக்கே வந்துவிட்டாள். "அப்பா, நீங்க உள்ள வர வேண்டாமுங்க. நாங்க வெளிய வர்றோம். இந்த மரத்தடியிலயே தாலி கட்டிக்கறோம்" என்றாள். மாப்பிள்ளையின் அப்பா நடக்க முடியாதவர். அவரை நாற்காலியோடு தூக்கித்தான் மேடைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மறுபடி தூக்க இரண்டு பேர் தயாராகவும் நின்றார்கள்.

பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உள்ள போண்ணா. எங்கூட்டுக் கல்யாணத்துக்கு வராத காலு இங்கயும் நிக்கட்டும்னு நான் நெனைக்கலீண்ணா. புள்ளை பாத்துக்கிட்டிருக்குது, போ" என்றாள்.

மூவருமே அன்பினால்தான் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சரி, இப்போது நீங்கள் சொல்லுங்கள்: அர்த்தநாரி யார் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்?

விடை: பாவாயி சொன்னதை. கூடலிங்கம் பேனரை இறக்கினால் அர்த்தநாரியின் பெயர் தப்பும். அடித்த பிளக்ஸ் குப்பைக்குத்தான் போகும், குளத்துக்கு அதனால் ஒரு சொட்டு லாபமில்லை. மகள் வெளியே வந்தால், அப்பாவின் சபதத்துக்கு நடக்க முடியாத ஒரு மனிதரும் சேர்ந்து அலைய வேண்டும். அந்தச் சபதத்தால் நிஜமாகவே நொந்தவள் பாவாயி ஒருத்திதான். அவளே போ என்ற பிறகு வேறு யாரிடம் உத்தரவு கேட்பது? அர்த்தநாரி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நான் செஞ்சது தப்பு பாவாயி" என்று அழுதார். பிறகு தன் படத்துக்குக் கீழேயே நடந்து உள்ளே போனார். மேஸ்திரி படம் எடுத்தான். திங்கட்கிழமை கலெக்டர் முன்னால் பட்டறைக்காரர்கள் அதைத்தான் முதலில் நீட்டினார்கள். அர்த்தநாரி எழுந்து, "ஆமாங்க, அது நான்தானுங்க. சொன்ன சொல்லைக் காப்பாத்தலீங்க. இனிமேலாவது குளத்துத் தண்ணியைப் பத்திப் பேசலாங்களா?" என்று கேட்டார்.