காய்ச்சல் சீட்டு கொடுத்த பாண்டா

சீன நாட்டு மூங்கில் காடு ஒன்றில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. தவ்பாவ் என்ற பாண்டாக் குட்டியும் லிங்யுன் என்ற மலையாட்டுக் குட்டியும் அங்கே ஒரே வகுப்பில் படித்தார்கள்.

தவ்பாவின் வீடு பள்ளிக்கு அடுத்த புதர். மணி அடித்த பிறகு எழுந்து முகம் கழுவினாலும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடலாம். லிங்யுனின் வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம். அவள் தினமும் மேடேறி, மேட்டு உச்சியில் ஓடும் ஓடையைக் கட்டைப் பாலத்தில் கடந்து, ஓட்டமாய் இறங்கி வரவேண்டும்.

தவ்பாவ் கணக்கில் புலி. பாண்டாவைப் புலி என்பது சரியில்லைதான், ஆனாலும் வேறெப்படிச் சொல்வது? லிங்யுனுக்கோ ஏழெட்டு எப்போது கேட்டாலும் ஐம்பத்து நாலு.

அந்தப் பள்ளியில் உடற்பயிற்சி வகுப்பும் உண்டு, அட்டவணையில். அந்த நேரம் வந்தால் கணக்கு வாத்தியாரான நாரை உள்ளே வருவார். "முயல் ஐயாவுக்குக் காய்ச்சல். எல்லாரும் கணக்கு நோட்டை எடுங்க" என்பார். உடற்பயிற்சி வாத்தியாரான முயல் ஐயா பள்ளிக்குப் பின்னால் உட்கார்ந்து, கல்லுக்குண்டு மாதிரி, முள்ளங்கி கடித்துக்கொண்டிருப்பார். வருடம் முழுக்க அவருக்கு இதே காய்ச்சல். பிள்ளைகள் நன்றாகக் கணக்குப் போட்டார்கள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கினார்கள்.

ஆனால் வருடத்துக்கு ஒருமுறை உடற்தகுதித் தேர்வு வந்துவிடும். பள்ளி வாசலில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வைப்பார்கள். மேட்டின் பாதியில் நிற்கும் வால்நட் மரத்தைத் தொட்டுவிட்டு, பத்தி எரிந்து முடிவதற்குள் திரும்பி வரவேண்டும். வந்தவர்களுக்குச் சிவப்பு நாடா கட்டி, கோடை முழுவதும் மேல்மலைக்கு அழைத்துப் போவார்கள். அங்கே பனி உருகிய மண்ணில் இளங்குருத்து மூங்கில் முளைத்துக் கிடக்குமாம். வராதவர்கள் கீழேயே சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாட்டுப் பாடவேண்டியதுதான்.

தவ்பாவ் இரண்டு வருடம் பாட்டுப் பாடியிருந்தான்.

அந்த இரண்டு வருடமும் லிங்யுன் கொம்பில் சிவப்பு நாடாவோடு மேல்மலைக்குப் போனாள். அதை நினைத்தால் தவ்பாவுக்கு வயிறு எரிந்தது. ஏழெட்டு தெரியாதவளுக்கு மேல்மலையா? தனக்குப் பாட்டா? தான் மேலே போகவேண்டும் என்பதைவிட, அவள் கீழே இருக்கவேண்டும் என்பதே நாளாக நாளாக அவனுக்குப் பெரிய ஆசையாகிவிட்டது.

பள்ளியில் ஒரு விதி இருந்தது. ஒரு பருவத்தில் மூன்று நாள் தாமதமாக வந்தால் தேர்வுப் பட்டியலில் பெயர் அடிக்கப்படும். தவ்பாவ் யோசித்தான். மேட்டு ஓடையில் பாலமாகக் கிடக்கிற கட்டையை உருட்டிவிட்டால் அவள் சுற்றுப்பாதையில்தான் வரவேண்டும். மூன்று நாள் போதும்!

மறுநாள் காலை மேடேறினான். வழியில் நாலு இடத்தில் உட்கார்ந்தான். நாக்கு வெளியே தொங்கியது. எப்படியோ உச்சிக்குப் போய்க் கட்டையைக் கரைப்பக்கம் உருட்டிவிட்டு, தள்ளாடி இறங்கி, மணி அடிக்கும் நேரத்துக்கு வகுப்புக்கு வந்தான். லிங்யுன் அவனுக்கு முன்பே உட்கார்ந்திருந்தாள். சுற்றுப்பாதையை ஒரே ஓட்டமாக ஓடி முடித்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவள் கட்டையைக் கொம்பால் தள்ளித் தள்ளிப் பழைய இடத்திலேயே போட்டாள். அணில் குஞ்சுகளுக்கு அந்தப் பாலத்தை விட்டால் வேறு வழி இல்லையே. ஆகவே மறுநாள் தவ்பாவ் மறுபடி ஏறவேண்டியதாயிற்று. அதற்கு மறுநாளும் அப்படியே.

இப்படி நாற்பது நாள் போயிற்று. லிங்யுன் ஒருநாளும் தாமதமாகவில்லை. தவ்பாவ் ஒருநாளும் விடவில்லை. நாலு இடத்தில் உட்கார்ந்தவன் இரண்டு இடத்தில் உட்கார்ந்தான். பிறகு எங்கும் உட்காரவில்லை. இது உங்களுக்குத் தெரிகிறது. அவனுக்குத் தெரியவில்லை. அவன் மேடேறும்போதெல்லாம் அவள் கால்களையே நினைத்துக்கொண்டு ஏறினான்.

அம்மா பாண்டா அவனைத் தடவிப் பார்த்து, பிள்ளை இளைத்துவிட்டான் என்று அழுதாள். "எல்லாம் அந்த ஆட்டாலதாம்மா" என்றான் தவ்பாவ். அதுவும் ஒருவகையில் உண்மைதான்.

தேர்வு நாள் வந்தது. இந்த வருடமும் அவள் முன்னால் தோற்று நிற்க அவனால் முடியாது. அதனால் ஒரு முடிவு செய்தான். தானும் ஓடப்போவதில்லை, அவளையும் ஓடவிடப்போவதில்லை. அன்றைக்கு இரண்டு முறை மணி அடிப்பார்கள். முதல் மணிக்கு, தேர்வுக்கு வைக்கும் அதே அளவு ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்துவார்கள். அது எரிந்து முடிந்ததும் இரண்டாவது மணி. அதற்குள் வரிசைக்கு வராதவர் தேர்வில் இல்லை.

முதல் மணி அடிக்கும்போது தவ்பாவ் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு முயல் ஐயாவிடம் போனான். இருமினான். காய்ச்சல் என்று எழுதிய சீட்டை நீட்டினான். அந்தப் பள்ளியில் காய்ச்சல் என்று சொன்னால் யார்தான் மறுத்துப் பேசமுடியும்? ஐயா அவனையும் சீட்டையும் பார்த்துவிட்டு, பட்டியலில் அவன் பெயரை அடித்தார்.

புதரைத் தாண்டியதும் தவ்பாவ் துண்டை வீசினான். மேட்டில் பாய்ந்து ஏறினான். கட்டையை இந்த முறை கரையில் விடவில்லை, ஒரே தள்ளாய்ப் பள்ளத்தில் உருட்டினான். மூங்கிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

லிங்யுன் வந்தாள். கட்டையைத் தேடினாள். சூரியனைப் பார்த்தாள். நாலடி பின்னால் போனாள். ஒரே தாவல், ஓடைக்கு இந்தப் பக்கம் நின்றாள்! நாற்பது நாள் சுற்றுப்பாதையில் ஓடிய கால்கள் அவை.

தவ்பாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இருந்தாலும் நேரமாகிவிட்டது, இவள் எப்படியும் பிந்திவிடுவாள், பெயர் அடிக்கப்படுவதை என் கண்ணால் பார்க்கவேண்டும் என்று குறுக்குவழியில் விழுந்தடித்து ஓடினான். இருவரும் ஒரே நேரத்தில் பள்ளி வாசலில் வந்து நின்றார்கள். ஊதுபத்தியில் ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது.

"ஐயா, இவ லேட்டு! மேட்டு ஓடையிலேயே இவளைப் பார்த்தேன். பேரை அடிங்க" என்றான் தவ்பாவ்.

முயல் ஐயா முள்ளங்கியைக் கீழே வைத்தார்.

"மேட்டு ஓடையிலயா? முதல் மணிக்கு இங்க நின்னு இருமிக்கிட்டிருந்தியேப்பா."

"ஆமா. அப்புறம் போனேன்."

"உச்சிக்கா? போயிட்டு வந்துட்டியா?"

"வந்துதானே நிக்கிறேன்" என்றான் தவ்பாவ் எரிச்சலோடு.

ஐயா ஊதுபத்தியைப் பார்த்தார். வால்நட் மரத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தேர்வுக்குப் பாதி மேடுதான். நீ முழு மேடும் ஏறி இறங்கிட்ட. இன்னும் பத்தி அணையல. மூச்சுகூட வாங்கல உனக்கு."

தவ்பாவ் முதல்முறையாகக் குனிந்து தன் கால்களைப் பார்த்தான்.

"ஐயா, என் பேரைச் சேர்த்துக்கோங்க. நான் ஓடுறேன்."

"காய்ச்சல் சீட்டு குடுத்துட்டியேப்பா. அடிச்ச பேரை எழுதக்கூடாதுன்னு விதி." ஐயா காதைச் சொறிந்துகொண்டார். "பொய்க் காய்ச்சல் எப்படி ஆளைக் கவுக்கும்னு எனக்குத் தெரியும். வருஷம் பூரா எனக்கும் அதானே."

இரண்டாவது மணி அடித்தது. அன்று வகுப்பில் பாதிப் பேர் வால்நட் மரம் வரைகூடப் போகவில்லை. லிங்யுன் போய்த் திரும்பினாள், நாடா வாங்கினாள்.

கோடை தொடங்கியது. மேல்மலைக்குப் புறப்பட்டவர்கள் வரிசையாக நடந்தார்கள். தவ்பாவ் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். லிங்யுன் வரிசையை விட்டு அவனிடம் ஓடி வந்தாள்.

"தவ்பாவ், தேர்வு அன்னைக்கு மேட்டு ஓடையில இருந்தேன்னு சொன்னியே. அந்தக் கட்டையை உருட்டுறது யாருன்னு பார்த்தியா? பள்ளத்துல கிடக்கிற அதை எங்க அப்பாவாலயே அசைக்க முடியல. அவங்க பெரிய பலசாலியா இருக்கணும். பார்த்தா நான் நன்றி சொன்னேன்னு சொல்லு. அவங்களாலதான் தாவப் பழகினேன்."

தவ்பாவ் தலையை மட்டும் ஆட்டினான். சிவப்பு நாடா மேட்டில் ஏறி, வால்நட் மரத்தைத் தாண்டி, மறைந்தது. அவன் கால்கள் தாமாகவே எழப் பார்த்தன. பக்கத்திலிருந்த அணில் குஞ்சு அவன் கையைப் பிடித்து உட்காரவைத்து, பாட்டின் முதல் அடியைச் சொல்லிக் கொடுத்தது.

அடுத்தவர் காலையே பார்த்துப் பொறாமைப்படுகிறவன், தன் காலுக்கு வந்துவிட்ட பலத்தைக் கடைசியில்தான் அறிவான்.