கழுகரசனின் முதுகில் ஏறிய கரிச்சான்

பறவைகளுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், அவற்றுக்குக் கழுகு அரசனாக இருந்தது. காட்டின் உச்சிக்கிளை அதற்கு மட்டுமே சொந்தம். அரசனுக்கு மேலே எந்தச் சிறகும் பறக்கக் கூடாது என்பது சட்டம். தினம் ஒரு கூட்டிலிருந்து அரசனுக்கு முட்டை போக வேண்டும் என்பதும் சட்டம்.

அன்றைக்கு எந்தக் கூடு என்று விடியலில் கூவிச் சொல்வது கரிச்சான் குருவியின் வேலை. "இன்று மைனா கூடு!" என்று அது கூவினால் மைனாவின் மரத்தில் அழுகை கேட்கும். கரிச்சானின் காதிலும் அது விழத்தான் செய்தது. ஆனால் அரசனுக்குப் பக்கத்தில் உட்காரும் இடம் அதற்கு இருந்தது. அதன் கூட்டை யாரும் தொடுவதில்லை. அது போதும் என்றிருந்தது.

ஒருநாள் நீள அலகுக்காரனான கொண்டலாத்தி அரசனைப் பார்க்க வந்தது.

"உன் குரல் கரகரக்கிறது," என்று கழுகு கரிச்சானிடம் சொன்னது. "இனி இவன் கூவட்டும்."

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. தன் மார்பிலிருந்து செம்பொன் நிற இறகுகளை எடுத்து, கொண்டலாத்தியின் தலையில் கொண்டையாகச் செருகியது.

கரிச்சானுக்கு இரை இறங்கவில்லை. ஓடைநீரில் தன் தலையைப் பார்த்தது. கரிக்கட்டை போல மொழுக்கென்று இருந்தது. இத்தனை வருஷம் கூவினேனே, எனக்கு ஓர் இறகு கொடுக்கத் தோன்றியதா? கொண்டலாத்தி கொண்டையை விரிக்கும்போதெல்லாம் கரிச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

புறாவும் மைனாவும் தவிட்டுக்குருவிகளும் கூடியிருந்த புதருக்குள் அது போனது.

"இன்னும் எத்தனை முட்டைதான் கொடுப்பீங்க? வெட்கமா இல்லையா?"

தவிட்டுக்குருவிகள் ஏழும் ஒன்றாகச் சிரித்தன. "யாரு பேசுறது பாருங்கடி! நேத்துவரைக்கும் எங்க பேரைக் கூவினது உங்க வாய்தானே, அண்ணே?"

"கொண்டை அங்கே போனதும் அண்ணனுக்கு நியாயம் பிறந்துடுச்சு," என்றது மைனா.

அந்தக் கொண்டை தனக்குக் கிடைத்திருந்தால்? அந்தக் கேள்வியின் பக்கம் போகவே கரிச்சானுக்குப் பயமாக இருந்தது.

நான்கு முட்டைகளைப் பறிகொடுத்த புறா மட்டும் சிரிக்கவில்லை. "இவர் எதுக்காக வந்தா என்ன? அண்ணே, அரசனை அடிக்க வழி தெரியுமா?"

"தெரியும். அவருக்கு மேல யாரும் பறந்ததே இல்ல. அதனால அண்ணாந்து பார்க்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. பக்கத்துல உட்கார்ந்து பார்த்தவன் நான்."

மறுநாள் கொண்டலாத்தி, "இன்று புறா கூடு!" என்று கூவியது. முட்டை வரவில்லை. கழுகு சீறிக்கொண்டு கிளம்பியது. அப்போதுதான் கரிச்சான் சட்டத்தை மீறியது. உயரே உயரே ஏறி, அரசனின் முதுகில் இறங்கி, பிடரியில் கொத்தியது. அடி எங்கிருந்து விழுகிறது என்றே கழுகுக்குப் புரியவில்லை. அதைக் கண்டதும் புறா எழுந்தது, மைனா எழுந்தது, காடே எழுந்தது. உச்சிப்பொழுதுக்குள் கழுகு மலைக்கு அப்பால் ஓடிவிட்டது. கொண்டலாத்தி கொண்டையை மடக்கிக்கொண்டு தரையில் புழு தேடப் போயிற்று.

ஆரவாரம் அடங்கியதும் பறவைகள் அண்ணாந்து பார்த்தன. உச்சிக்கிளையில் கரிச்சான் உட்கார்ந்திருந்தது.

"களைப்பா இருக்கு. கொஞ்ச நேரம்," என்றது. அதன் நகங்கள் கிளையை இறுகப் பற்றியிருந்தன.

"இறங்குங்க அண்ணே," என்றது மைனா.

"எல்லாம் நான்தானே செஞ்சேன்! எனக்கு ஒண்ணுமே இல்லையா?"

"அப்போ நாளைக்கு யார் கூடுன்னும் நீங்களே கூவுவீங்களா?" என்று கேட்டது புறா.

இல்லை என்று சொல்லக் கரிச்சான் வாயெடுத்தது. சொல் வரவில்லை. புறா அதன் வாலின் ஒரு நுனியையும் மைனா மறு நுனியையும் கவ்வி இழுத்தன. வால் நடுவில் பிளந்தது. கரிச்சான் கீழ்க்கிளையில் வந்து விழுந்தது. உச்சிக்கிளையில் இனி யாரும் உட்காரலாம், யாருக்கும் முட்டை கொடுக்க வேண்டியதில்லை என்று பறவைகள் முடிவுசெய்தன.

அன்று முதல்தான் கரிச்சானின் வால் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. தன்னைவிடப் பெரிய பறவை எது வந்தாலும் அதன் முதுகுக்கு மேலே ஏறிக் கொத்தித் துரத்துகிறது. அது காவலா பொறாமையா என்று கேட்காமல், புறாவும் மைனாவும் அதே மரத்தில் கூடு கட்டுகின்றன.